நோட்டீஸ் ஒட்டினால் மட்டும் போதுமா?

கடந்த வருடம் எங்கள் டிவிசனில் நடந்த ஒரு விடயத்தைச் சொல்லித் தொடங்குகிறேன். தவறு என்னுடையதுதான்.

ஊழியர் சேமலாப நிதிப் பதிவில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர் என்று நம் ஆட்கள் படும் பாடு உங்களுக்குத் தெரியும். ஒன்றில் லெட்சுமி, மற்றதில் லக்சுமி. ஒன்றில் அப்பா பெயர் முன்னால், மற்றதில் பின்னால். மாதா மாதம் நம் சம்பளத்தில் 8 வீதம் பிடிக்கிறார்கள், கம்பனி 12 வீதம் போட வேண்டும். காலமெல்லாம் சேர்ந்த அந்தக் காசை எடுக்கப் போகும் நாளில் ஓர் எழுத்து குறுக்கே நிற்கிறது. இதைத் திருத்த விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பதற்காக, சங்கத்தின் சார்பில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசிகசாலையில் உட்கார்ந்தோம். நோட்டீஸை நான்தான் செய்தேன். பெரட்டுக் களத்திலும், கொழுந்து மடுவத்திலும், பிள்ளை மடுவத்திலும் ஒட்டினோம்.

வந்தவர்கள் 11 பேர்.

அடுத்த வாரம் ஓர் அக்கா அடையாள அட்டையோடு வீட்டுக்கு வந்தார். "நோட்டீச பாத்தேன் டீச்சர். தலைவர் படந்தான் பெருசா இருந்திச்சி. ஏதோ கூட்டமாக்கும்னு போயிட்டேன்" என்றார். அதன் பிறகு அவர் அந்த வேலைக்காக டவுனுக்குப் போய் வந்தார். ஒரு நாள் பேர் போனது, பஸ் காசும் போனது.

நான் செய்த நோட்டீஸை மறுபடியும் எடுத்துப் பார்த்தேன். மேலே சங்கத்தின் பெயர், அதன் கீழ் மூன்று தலைவர்களின் படம். சுற்றிலும் பூ பார்டர். சிவப்புப் பின்னணியில் பச்சை எழுத்து. ஐந்து வகை எழுத்துரு. "சேமலாப நிதி", "பெயர் திருத்தம்" என்ற சொற்கள் ஒன்பதாவது வரியில் இருந்தன. திகதி கடைசி வரியில். போட்டோகொப்பி எடுத்தபோது சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பலாகி, பாதி எழுத்தைக் காணவில்லை. பிள்ளைகளின் கொப்பியில் கையெழுத்து சரியில்லை என்று தினமும் திருத்துகிற நான், அந்த அக்காவிடம் இப்படி ஒரு தாளைக் கொடுத்திருக்கிறேன்.

அதற்குப் பிறகுதான் வடிவமைப்பின் அரிச்சுவடியைப் படிக்கத் தொடங்கினேன். வகுப்புக்குப் போகவில்லை. போனில் கென்வா என்ற இலவசச் செயலி, இரவில் ஒரு மணித்தியாலம், அவ்வளவுதான். இன்னும் நான் கற்றுக்குட்டிதான். ஆனாலும் படித்த அளவில் ஒன்று விளங்கியது. வடிவமைப்பு என்பது அலங்காரம் அல்ல. வாசிப்பவர் எங்கே நிற்கிறார், கையில் என்ன இருக்கிறது, எவ்வளவு நேரம் இருக்கிறது என்று யோசிப்பதுதான் அது.

நம்முடைய வாசகர் யார்? முதுகில் கொழுந்துடன், மழையில் நனைந்து, தராசுக்கு முன்னால் வரிசையில் நிற்கும் பெண். அவர் நோட்டீஸைப் பார்ப்பது ஐந்து விநாடி. அந்த ஐந்து விநாடிக்குள் மூன்று கேள்விக்குப் பதில் கிடைக்க வேண்டும். இது எனக்கா? எப்போது, எங்கே? என்ன கொண்டு வர வேண்டும்?

அதற்கு நான் கற்றுக்கொண்டவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதலில், ஒரு நோட்டீஸுக்கு ஒரு செய்தி. பெயர் திருத்தமும் மே தினமும் சந்தாவும் ஒரே தாளில் வேண்டாம். அந்த ஒரு செய்தி தாளிலேயே பெரிய எழுத்தில் இருக்கட்டும். ஆங்கிலத்தில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்று இரண்டு உண்டு. தமிழில் அது இல்லை. ஆகவே எழுத்தின் அளவையும் தடிப்பையும் வைத்துத்தான் எது முக்கியம் என்று காட்ட முடியும். எல்லாவற்றையும் தடிப்பாக்கினால் எதுவும் தடிப்பாகத் தெரியாது.

இரண்டாவது, எழுத்துரு ஒன்று போதும், கூடினால் இரண்டு. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், கட்டமரான் போன்றவை இலவசமாகக் கிடைக்கும் யூனிகோட் எழுத்துருக்கள். டவுன் கடைகளில் இன்னும் பாமினியில் தட்டச்சு செய்கிறார்கள். அந்த எழுத்துரு இல்லாத போனில் அதே கோப்பைத் திறந்தால் தமிழ் மறைந்து ஆங்கில எழுத்தும் புள்ளியுமாக வரும். யூனிகோடில் செய்தால் அந்தச் சிக்கல் இல்லை.

மூன்றாவது, தமிழ் எழுத்துக்கு மேலேயும் கீழேயும் இடம் வேண்டும். விசிறியும் சுழியும் அடுத்த வரியில் இடித்தால் வாசிக்க முடியாது. வரிகளுக்கு இடையே கொஞ்சம் தாராளமாக விடுங்கள். ஆனால் எழுத்துகளுக்கு இடையே இடைவெளியைக் கூட்டாதீர்கள். கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று எழுத்து உடைந்து போகும்.

நான்காவது, வெறும் இடத்தைக் கண்டு பயப்பட வேண்டாம். இடம் மிச்சம் இருக்கிறதே என்று பூவும் நட்சத்திரமும் போடுவதுதான் நம் பழக்கம். சுற்றிலும் வெள்ளை இருந்தால்தான் நடுவில் உள்ள சொல் தூரத்தில் இருந்து கண்ணில் படும். திகதி, நேரம், இடம் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். வரிகள் ஒரே ஓரத்தில் தொடங்கட்டும்.

ஐந்தாவது, கறுப்பு வெள்ளையில் செய்து பாருங்கள். நம் நோட்டீஸ் எப்படியும் போட்டோகொப்பிக்குத்தான் போகிறது. வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்தை விடத் தெளிவானது எதுவும் இல்லை. இங்க்ஜெட் பிரின்டரில் எடுத்த தாள் நம் ஊர் மழையில் கரைந்து ஓடும், போட்டோகொப்பி அப்படிக் கரையாது. ஒட்டுவதற்கு முன் சுவரில் வைத்துப் பத்து அடி தள்ளி நின்று, கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். அப்போதும் தெரிவது எதுவோ, அதைத்தான் ஆட்கள் வாசிப்பார்கள். வட்ஸ்அப்பில் அனுப்பும்போது படமாக அனுப்பினால் அது எழுத்தை மங்கச் செய்யும். ஆவணமாக அனுப்புங்கள்.

இரண்டாவது நோட்டீஸை இந்த முறையில் செய்தேன். "சேமலாப நிதியில் உங்கள் பெயர் சரியா?" என்று பாதித் தாளுக்கு ஒரே கேள்வி. அன்று 40க்கு மேல் வந்தார்கள். அப்போதும் ஒரு பிழை விட்டேன். "தேவையான ஆவணங்களுடன் வரவும்" என்று எழுதியிருந்தேன். பலர் வெறுங்கையோடு வந்து திரும்பிப் போனார்கள். மூன்றாவது முறை அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், சம்பளச் சிட்டை மூன்றின் படத்தையும் கோட்டுச் சித்திரமாகப் போட்டேன். வாசிக்கக் கஷ்டப்படும் பாட்டிமாரும் சரியாகக் கொண்டு வந்தார்கள்.

"டிசைன் படித்தால் சம்பளம் கூடுமா?" என்று எங்கள் கமிட்டிக் கூட்டத்தில் ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்வி. கூடாது. ஆனால் கூடிய சம்பளம் எவ்வளவு, அதில் அடிப்படை எது, கொடுப்பனவு எது, எதற்கு சேமலாப நிதி சேரும் என்பதைத் தொழிலாளிக்கு விளங்கும்படி காட்டாவிட்டால், கூடியதும் கைக்கு வந்து சேராது.

இது நமக்குப் புதிய வேலையும் அல்ல. 1931இல் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கிய கோ. நடேசய்யர், பத்திரிகையையும் துண்டுப் பிரசுரத்தையும் ஆயுதமாகப் பிடித்தவர். மீனாட்சியம்மை பாட்டெழுதி, அச்சிட்டு, தொழிலாளர் மத்தியில் பாடினார். வாசிக்கத் தெரியாதவருக்கும் செய்தி போய்ச் சேர்ந்தது. 1962இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பண்ணைத் தொழிலாளர் சங்கம் கட்டியபோது, தலைவர் செசார் சாவேஸின் சகோதரர் ரிச்சர்ட் சாவேஸ் கொடிக்காக ஒரு கறுப்புக் கழுகை வரைந்தார். அதன் சிறகுகள் படிக்கட்டு போல நேர்கோடுகளால் ஆனவை. எந்தத் தொழிலாளியும் தன் கையாலேயே வரைந்து கொடி செய்துகொள்ள வேண்டும் என்பதற்காக அப்படி வைத்தார்கள். நல்ல வடிவமைப்புக்கு அதைவிடச் சிறந்த விளக்கம் எனக்குத் தெரியாது.

இனி, சிலருக்குக் கசக்கக்கூடிய ஒன்றையும் சொல்ல வேண்டும். நம் நோட்டீஸ்களில் பெரும் பகுதியைத் தலைவர்களின் படங்கள் பிடித்துக்கொள்கின்றன. தலைவர்களை நான் மதிக்கிறேன். அவர்கள் படம் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கூட்டத்துக்கான போஸ்டரில் போடுவோம். ஆனால் உரிமை பற்றிய அறிவித்தலில் முதல் இடம் அந்த உரிமைக்கு. படம் கீழே சிறிதாக இருந்தால் எந்தத் தலைவரின் மதிப்பும் குறையாது. ஆட்கள் வந்து காரியம் முடிந்தால், அவர் பெயரை அவர்களே சொல்வார்கள்.

"டவுன் கடையில் கொடுத்தால் அழகாகச் செய்து தருவார்களே" என்பவர்களும் உண்டு. அழகாகத்தான் செய்வார்கள். கல்யாணப் பத்திரிகைக்குப் போடும் அதே பூவை நமக்கும் போடுவார்கள். கொழுந்து மடுவத்தில் எங்கே ஒட்டினால் கண்ணில் படும், எந்தச் சொல் நம் ஆட்களுக்கு விளங்கும் என்பது லயத்தில் வாழ்கிற பிள்ளைக்குத்தான் தெரியும். உயர்தரம் எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைகள் ஒவ்வொரு தோட்டத்திலும் இருக்கிறார்கள். கையில் போனும் இருக்கிறது.

சங்கத்திடம் நான் கேட்பது மூன்று. தோட்டக் கமிட்டி ஒவ்வொன்றும் இந்த வேலைக்கு இரண்டு பேரைத் தெரிவு செய்யட்டும். அதில் ஒருவர் கட்டாயம் பெண்ணாக இருக்கட்டும். மாவட்டக் காரியாலயத்தில் மாதம் ஒரு நாள் அவர்களைக் கூட்டி, பஸ் காசும் கொடுத்துப் பழக்குங்கள். எந்த நோட்டீஸையும் அச்சுக்கு அனுப்பும் முன், மலையில் வேலை செய்யும் ஒருவர் கையில் கொடுத்து "இதில் என்ன சொல்லியிருக்கிறது?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதில் நாம் நினைத்த பதிலாக இல்லாவிட்டால், திருத்த வேண்டியது அவரை அல்ல, நோட்டீஸை.

என் முதல் நோட்டீஸை நான் கிழித்துப் போடவில்லை. வாசிகசாலைச் சுவரில், பழகவரும் பிள்ளைகளுக்காக ஒட்டி வைத்திருக்கிறேன். ஞாயிறு பின்னேரங்களில் அங்கேதான் இருக்கிறேன். போனில் சார்ஜ் ஏற்றிக்கொண்டு வாருங்கள்.