குறியீட்டெண் மீண்டது, சிறு முதலீட்டாளர்?

மும்பை பங்குச் சந்தையின் குறியீட்டெண்ணான சென்செக்ஸ், 2020 மார்ச் 23-ஆம் தேதி ஒரே நாளில் 3,934 புள்ளிகள் சரிந்து 25,981-இல் நின்றது. இடையே 45 நிமிடங்கள் வர்த்தகமே நிறுத்தப்பட்டது. அந்த மாதத்தில் அன்னிய முதலீட்டாளர்கள் பங்குகளிலிருந்து வெளியே எடுத்துச் சென்ற தொகை சுமார் ரூ.62 ஆயிரம் கோடி. கரோனா பீதியில் அது எதிர்பார்க்கத்தக்கதே.

அதன் பின் நிகழ்ந்ததுதான் விந்தை. ஏப்ரல்-ஜூன் காலாண்டில் நாட்டின் மொத்த உற்பத்தி ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு சுருங்கியது. வேலையிழந்த தொழிலாளர்கள் தில்லியிலிருந்து சொந்த ஊருக்கு நடந்தே சென்றனர். சென்செக்ஸோ 2021 ஜனவரியில் 50 ஆயிரத்தைத் தாண்டியது. ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை 5.15-லிருந்து 4 சதவீதமாகக் குறைத்ததும், உலகெங்கும் மலிவாகப் பாய்ந்த பணமுமே இதற்கு முக்கியக் காரணம். இதைப் பொருளாதார மீட்சி என்று ஆட்சியாளர்கள் பெருமை பேசியது பொருந்தாது.

வைப்புநிதிக்கு வட்டி குறைந்தது. வீட்டில் அடைபட்டவர்கள் கைப்பேசி வழியே சந்தைக்குள் நுழைந்தனர். ஓராண்டில் டீமேட் கணக்குகள் சுமார் 4 கோடியிலிருந்து 5.5 கோடியாகப் பெருகின. பலர் முன்பேர வர்த்தகம் வரை சென்றனர். அதில் 2021-22-ஆம் நிதியாண்டில் ஈடுபட்ட தனிநபர்களில் 10 பேரில் 9 பேர் நஷ்டமடைந்ததாக செபியின் ஆய்வே கூறியது.

குறியீட்டெண் விழுந்தபோது, 2020 மார்ச் 20-ஆம் தேதியே இவ்வர்த்தகத்துக்குக் கடிவாளமிட்டது செபி. சிறு முதலீட்டாளரின் நஷ்டத்தைக் கண்டறிந்த ஆய்வு 2023 ஜனவரியில் வெளிவந்தும், விதிகளைக் கடுமையாக்க 2024 அக்டோபர் வரை ஏன் காத்திருந்தது?