பெரிய திரையில் தமிழுக்கு ஓர் இடம்

திறன்பேசியின் திரை ஆண்டுதோறும் வளர்ந்து வந்திருக்கிறது. 2007-ஆம் ஆண்டில் வெளிவந்த முதல் ஐபோனின் திரை, மூலைக்கு மூலை அளந்தால் 3.5 அங்குலமே. 2011-இல் கேலக்சி நோட் 5.3 அங்குலத் திரையுடன் வந்தபோது, இத்துணைப் பெரிய கருவியைக் காதில் வைத்து எவ்வாறு பேசுவது என்று பலர் நகைத்தனர். இன்றோ 6.5 அங்குலம் என்பது இயல்பான அளவாகிவிட்டது. அது சட்டைப் பையில் அடங்காமல் எட்டிப் பார்க்கிறது; ஒரு கையால் பிடித்தால் கட்டைவிரல் மேல் மூலையைத் தொடுவதில்லை. ஆயினும் மக்கள் அதனையே விரும்பி வாங்குகின்றனர். ஏனெனில், திறன்பேசி இன்று பேசும் கருவி மட்டுமன்று. பார்க்கும் கருவி, படிக்கும் கருவி.

தமிழகத்திற்கு வெளியே வளரும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இப்பெரிய திரையால் விளையும் நன்மை யாது? காணொளி அழைப்பில் ஊரிலுள்ள தாத்தா பாட்டியின் முகம் தெளிவாகத் தெரிகிறது. அது பெரும் பேறுதான். ஆனால் அதே பாட்டி, "மழை நின்றுவிட்டது, முருங்கை பூத்திருக்கிறது" என்று தமிழில் ஒரு வரி எழுதி அனுப்பினால், தில்லியிலோ போபாலிலோ இருக்கும் பேரன் திரையைத் தாயிடம் நீட்டி, "இதில் என்ன எழுதியிருக்கிறது, அம்மா?" என்று கேட்கிறான். பாட்டியின் முகம் அருகில் வந்துவிட்டது. அவர் எழுத்து மட்டும் தொலைவிலேயே நிற்கிறது.

மறுமொழி எழுதும்போது பிள்ளைகள் பலர் தமிழை ஆங்கில எழுத்துகளில் எழுதுகின்றனர். ல, ள, ழ ஆகிய மூன்றுக்கும் ஒரே ஆங்கில எழுத்தை இட்டுவிடுகின்றனர். "நாளைக்குப் பள்ளி இல்லை" என்பதனை "நாளைக்குப் பல்லி இல்லை" என்றும் படிக்கலாம். "வழி தெரியவில்லை" என்பது "வலி தெரியவில்லை" என்றாகலாம். வீட்டார் இடம் நோக்கிப் பொருள் கொள்வர். எனினும், எழுதுபவரின் மனத்தில் அவ்வேறுபாடு பதியாமலே போகிறது. நாளடைவில் நாவிலிருந்தும் நழுவுகிறது.

இக்குறையை நீக்கும் வழியும் அதே திரையில் இருக்கிறது. தமிழ்ச் சொற்கள் நீளமானவை. 'வந்துகொண்டிருக்கிறார்கள்' என்னும் ஒரு சொல்லே சிறிய திரையில் ஒரு வரியை நிரப்பிவிடும். பெரிய திரையில் எழுத்தின் அளவைக் கூட்டினால் ன, ண வேறுபாடும் ர, ற வேறுபாடும் கொம்பும் புள்ளியும் ஐயமின்றித் தெரியும். புதிதாகப் படிப்போர்க்கு இது பேருதவியாகும்.

எழுதுவதும் கடினமன்று. தமிழக அரசு 1999-இல் ஏற்ற தமிழ்99 விசைப்பலகை திறன்பேசிகளிலும் கிடைக்கிறது. அதில் ககரத்தையும் இகரத்தையும் அடுத்தடுத்து அழுத்தினால் 'கி' தோன்றும். மெய்யும் உயிரும் கூடி உயிர்மெய் பிறக்கும் இலக்கணத்தை விரலே கற்றுக்கொள்கிறது. 247 எழுத்துகளுக்கு 247 விசைகள் வேண்டியதில்லை.

"குரல் பதிவு அனுப்பினால் போதுமே, எழுத்து எதற்கு?" என்று சிலர் வினவுவர். குரல் பதிவு பெரும்பாலும் அறிந்தவரிடமிருந்தே வருகிறது. எழுத்தோ, என்றும் கண்டிராதவரையும் நம்மோடு பேச வைக்கிறது. வடபுல நகரங்களில் தமிழ்நூல் விற்கும் கடையைத் தேடிக் காண்பது அரிது. ஆனால் 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டமும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் எண்ணற்ற தமிழ்நூல்களைக் கட்டணமின்றி வழங்குகின்றன. கையிலுள்ள கருவி ஒரு நூலகத்தின் வாயிலாகும். எழுத்தறியாதவர்க்கு அவ்வாயில் மூடியே கிடக்கும்.

பெரிய திரைக்குத் தீமையும் உண்டு. படங்களும் விளையாட்டுகளும் பெரிதாகத் தோன்றுவதால், விடுபடுவது கடினமாகிறது. இமைக்க மறந்து பார்ப்பதால் கண் உலர்ந்து களைக்கிறது. 20 நிமிடத்திற்கு ஒருமுறை, 20 அடி தொலைவிலுள்ள ஒன்றை 20 நொடி நோக்குமாறு கண் மருத்துவர்கள் அறிவுறுத்துகின்றனர். படுக்கையில் திறன்பேசி வேண்டா என்னும் விதியை வீட்டார் அனைவரும், பெற்றோர் உட்பட, கடைப்பிடித்தல் நன்று. மேலும், விசையை அழுத்துவது கையெழுத்திற்கு ஈடாகாது. குறிப்பேட்டில் எழுதிப் பழகிய பின்னரே எழுத்தின் வடிவம் மனத்தில் நிலைக்கும்.

ஆகவே, திறன்பேசியைப் பிள்ளைகளிடமிருந்து ஒளித்து வைப்பதால் பயனில்லை. அதனுள் தமிழுக்கு இடம் ஒதுக்குவதே தக்கது. ஞாயிறுதோறும் ஊருக்கு ஐந்து வரி தமிழெழுத்தில் எழுதி அனுப்பினால் போதும். முதல் வாரம் பிழைகள் மலியும். பாட்டி திருத்தி அனுப்புவார். அத்திருத்தத்தைத் தாயின் உதவியின்றிப் பேரன் தானே படிக்கும் நாளில், அவ்விலையுயர்ந்த கருவி வாங்கியதன் பயன் விளங்கும்.