சில்லறைப் பந்தயமும் வெருட்டும்

சில்லறைக் காசுக்கு ஆடும் ஆட்டத்திலே வெருட்டுவதற்குக் காலமும் இடமும் எதற்கு என்பது மட்டக்களப்பிலே சீட்டுப் பிடிப்போர் பலரிடம் ஊறிப்போன எண்ணமாகும். போனால் ஐம்பது ரூபாய். வந்தால் ஊரே பேசும். எழுவான்கரையிலாயினும் படுவான்கரையிலாயினும், செத்த வீட்டுப் பந்தலில் விடியும்வரை சீட்டுடன் விழித்திருப்போர் நடுவே இக்கருத்துக்கு மறுப்பு எழுவது அரிது. எனினும் இது பிழையான கருத்து. அதுமட்டுமன்று, தான் போற்றுவதாகச் சொல்லும் வெருட்டையே மலினப்படுத்தும் கருத்துமாகும்.

இவர்களுக்கு நேரெதிரே நிற்போர் அறநெறியாளர். வெருட்டுதல் பொய், ஆகவே அது பாவம் என்பது அவர்தம் முடிபு. அவர்களுக்கு நீண்ட விடை வேண்டியதில்லை. பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயில் உற்சவத்தைக் கண்டு வளர்ந்தோருக்குச் சகுனியின் குற்றம் எதுவெனத் தெரியும். அவன் உருட்டியது பொய்க்கவறு. ஆட்டத்தின் விதியையே அவன் களவாடினான். வெருட்டுவோனோ விதிக்குள் நிற்பவன். அவன் வெருட்டக்கூடும் என்பதை அறிந்தே எதிரி அமர்ந்திருக்கின்றான். வள்ளுவரின் சூது அதிகாரம் கண்டிப்பது சூதாட்டம் முழுவதையுமே. அக்கண்டனம் வெருட்டுவோனுக்கும் வெருட்டாதவனுக்கும் ஒன்றுபோலவே பொருந்தும். வெருட்டுக்கு மட்டும் எதிரான சாட்சியாக அதனை அழைத்தல் தகாது.

வழக்கு முதலிற் கூறிய சாராருடனேயே. போக்கர் ஆட்டத்தை எடுத்துக்கொள்வோர் இக்கணக்கைப் பார்க்கட்டும். நடுவிலே 100 ரூபாய் கிடக்கின்றது. கையில் ஒன்றுமில்லாத ஒருவன் 50 ரூபாயை முன்வைத்து வெருட்டுகின்றான். எதிரி விலகினால் 100 வரவு; விலகாது ஈடுகட்டினால் 50 செலவு. எனவே மூன்று தடவையில் ஒரு தடவையேனும் எதிரி விலகினாற்றான் கணக்கு நேராகும், குறைந்தால் நட்டம். பந்தயம் ஐந்து ரூபாயாயினும் ஐயாயிரமாயினும் இவ்விகிதம் மாறாது. மாறுவது எதிரியின் மனம். ஐயாயிரம் இழக்க அஞ்சுபவன் ஐம்பது இழக்க அஞ்சுவதில்லை. “என்னதான் வைத்திருக்கிறான், பார்ப்பம்” என்ற ஆவலைத் தீர்ப்பதற்கே அவன் ஐம்பது ரூபாய் கொடுப்பான். வெருட்டுவோனுக்கு எது மலிவோ அது பார்ப்போனுக்கும் மலிவே. வெருளச் செய்வது வெருட்டு. வெருளுவதற்கு எதுவுமில்லாத இடத்தில் அது எங்ஙனம் பலிக்கும்? சில்லறை ஆட்டத்தில் அடிக்கடி வெருட்டலாம் என்போர் தம் பக்கத்து மலிவை மட்டுமே எண்ணியவராவர்.

அவ்வாறாயின் எப்போது வெருட்டுவது? வள்ளுவர் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என 48ஆம், 49ஆம், 50ஆம் அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தது அரசனுக்காக. ஆயினும் சீட்டாடுவோனுக்கும் அவை அந்நியமல்ல. வலி என்பது கையிலுள்ள சீட்டு. இடைத்தரமான கையை வைத்து வெருட்டுவது வீண். அது மலிவாகக் காட்டி வெல்ல வேண்டிய கை. வேறு வழியில் வெல்லவே இயலாத கைதான் வெருட்டுக்கு உரியது. ஜோன் வொன் நியூமன் 1944இல் ஒஸ்கார் மோர்கென்ஸ்டேர்னுடன் எழுதிய நூலிலே காட்டியதும் இதுவே. ஹரல்ட் கூன் 1950இல் மூன்றே சீட்டும் இருவருமாகச் சுருக்கிய போக்கரிலே, முதல்வன் பந்தயம் வையாதபோது கடைச்சீட்டு வைத்திருக்கும் இரண்டாமவன் மூன்றுக்கு ஒரு தடவை வெருட்ட வேண்டும் என்று விடை வருகின்றது. ஒருபோதும் வெருட்டாதவனும் தோற்பான். எப்போதும் வெருட்டுபவனும் தோற்பான்.

இடம் என்பது எதிரியும் எதிரிகளின் தொகையும். ஒவ்வொருவரும் இரண்டுக்கு ஒரு தடவை விலகுவர் எனக் கொண்டாலும், மூவரும் ஒருங்கே விலகுவது எட்டில் ஒரு தடவையே. பந்தல் நிறைந்த கூட்டத்தில் வெருட்டுவது ஏன் வீண்வேலை என்பதற்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. காலத்தைப் பற்றிச் சொல்ல வாவிக்கரைக் கொக்கே போதும். வள்ளுவரும் கொக்கையே காட்டினார். நெடுநேரம் வாளாவிருந்தவனுடைய பந்தயத்துக்கே மதிப்புண்டு.

முகத்தை மறைக்கத் தெரிந்தவனே வெருட்டலாம், கணக்கால் ஆவதொன்றுமில்லை என்போரும் உளர். 2017இல் லிப்ராட்டஸ் என்னும் கணினி நிரல் தொழில்முறை ஆட்டக்காரர் நால்வரை 120,000 ஆட்டங்களில் எதிர்த்து வென்றது. அதற்கு மறைப்பதற்கு முகமே இருக்கவில்லை.

ஆயினும் பெரிய பிழை வேறிடத்தில் உள்ளது. கைத்தொலைபேசியிலே போக்கர் பழகிய இளைஞர் அதே வெருட்டை முந்நூற்று நான்குக்கும் கொண்டுவருகின்றனர். துரும்பு என்ற சொல்லை நாவிலே நிலைநிறுத்திய ஆட்டம் இது. ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, இராசாவுக்கு 3, இராணிக்கு 2, ஓரினத்துக்கு 76, நான்கினத்துக்கும் 304. நால்வர் இருவர் இருவராகக் கூடி ஆடுவர். முதல் நான்கு சீட்டைப் பார்த்துக் கேட்க வேண்டும்; மேலாகக் கேட்டவர் துரும்பைக் கவிழ்த்து வைப்பார். அது எவ்வினம் என்பது கூட்டாளிக்கும் தெரியாது.

போக்கரிலே எதிரி விலகினால் வெருட்டியவன் வென்றான். முந்நூற்று நான்கிலே எதிரி விலகினால் வெருட்டியவன் அகப்பட்டான். 200 கேட்டவன் 200ஐ எடுத்துக் காட்டியே ஆகவேண்டும். எதிரி அதற்கும் மேலே கேட்டு விழுந்தால் மட்டுமே இங்கு வெருட்டுப் பலிக்கும். இரண்டும் ஒன்றுக்கொன்று நேர்மாறானவை. இதனையுணராது ஒன்றின் துணிவை மற்றதற்குப் பெயர்த்து வைப்பது துணிவாகாது.

மேலும், போக்கரில் ஒவ்வொருவனும் தனியன். அவனுடைய பொய் எதிரியை மட்டுமே சாரும். இங்கோ, கேட்கும் தொகை ஒன்றே கூட்டாளியுடன் முறைப்படி பேசக் கிடைத்த மொழி. வெறுங்கையுடன் 200 கேட்பவன் எதிரியை ஏய்க்குமுன் அவரையே ஏய்க்கின்றான். ஓரினத்து ஜாக்கும் ஒன்பதும், அதாவது 76இல் 50, கையில் இருந்தும், எதிரே அதனினும் மேலானது உண்டென நம்பி அவர் வாய்மூடுகின்றார். ஆட்டம் கவிழ்ந்தபின் “ஏன் மச்சான் நீ கேக்கல்ல?” என்று பந்தலில் ஏச்சு வாங்குபவரும் அவரே.