மிக்ஸர் வாங்கப் போறீங்களா? கிலோஹெர்ட்ஸை மூட்டை கட்டி வைங்க!

மக்களே, டிஜிட்டல் மிக்ஸர்னு பேச்செடுத்தாலே முதல் கேள்வி "எத்தனை சானல்? 96 கிலோஹெர்ட்ஸா, 48-ஆ?" என்பதுதான். எனக்குப் பத்திக்கிட்டு வருது. கல்யாண மண்டபத்துல மைக் செட் போடறவர் வட்டிக்கு வாங்கித்தான் மிக்ஸர் வாங்குறார். அவருக்கு இந்த ரெண்டு கேள்வியாலயும் சல்லிக்காசு பிரயோஜனமில்லை.

மனுசக் காதுக்கு எட்டுறது மிஞ்சிப்போனா 20 கிலோஹெர்ட்ஸ். 48-ல ஓடற மிக்ஸரே கிட்டத்தட்ட 24 வரைக்கும் பிடிச்சிடும். 96-ல தாமதம் குறையும்பாங்க. நல்ல மிக்ஸர்ல மொத்தத் தாமதமே ஒரு மில்லிசெகண்ட் சுமாருக்குத்தான். ஸ்பீக்கரை விட்டு ஒரு மீட்டர் தள்ளி உட்கார்ந்தாலே 3 மில்லிசெகண்ட் போயிடுது சாமி!

அடுத்து சானல். ஆலன் அண்ட் ஹீத் எஸ்க்யூ-5, 48 சானல் மிக்ஸர்தான். ஆனா அதுல இருக்கற மைக் பிரீஆம்ப் 16. அதுக்கு மேல மைக் வேணும்னா ஸ்டேஜ் பாக்ஸ் தனியா வாங்கணும். அந்தக் காசை யார் தருவா?

கேட்க வேண்டியது இதுதான்: வெளியே போற வழி எத்தனை? பாடகர், வயலின், மிருதங்கம், கடம்னு நாலு பேருக்கும் நாலு விதமா மானிட்டர் வேணும். மிருதங்க வித்வானுக்குப் பாட்டே கேட்கலைன்னா கச்சேரி எப்படிங்க நிக்கும்? பெஹ்ரிங்கர் எக்ஸ்ஆர்18-ல மைக்குக்கு 16, மானிட்டருக்கு 6 வழி. கச்சேரிக்குத் தாராளம்.

ஆனா அதுல ஃபேடரே கிடையாது, எல்லாம் டேப்லட்லதான். "அதான் சார் நவீனம்"னு வாதாடறவங்களே, அதுக்குள்ள இருக்கறது 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை. நூத்துக்கணக்குல போன் இருக்கற மண்டபத்துல அது அறுந்துபோய், அந்த நேரம் பார்த்து மைக் 'கூ'ன்னு கத்தினா எதைப் பிடிச்சு இறக்குவீங்க? வாங்கினா நல்ல ரூட்டரும் நெட்வொர்க் கேபிளும் சேர்த்தே வாங்குங்க. இல்லைன்னா 2012-ல வந்த எக்ஸ்32 மாதிரி கையால தள்ளற ஃபேடர் இருக்கறதுக்குப் போங்க.

இன்னொண்ணு. கரண்ட் போய் ஜெனரேட்டர் வந்ததும் அனலாக் மிக்ஸர் உடனே முழிச்சுக்கும். டிஜிட்டல், கம்ப்யூட்டர் மாதிரி மறுபடி பூட் ஆகணும். அதுவரைக்கும் சபை மௌன விரதம்தான். மிக்ஸருக்கு ஒரு சின்ன யூபிஎஸ் வைக்கச் சொல்லி எந்தக் கடைக்காரராவது சொல்றாரா?

வழி, ஃபேடர், யூபிஎஸ். இந்த மூணையும் கேட்டுட்டுக் கடனுக்குக் கையெழுத்துப் போடுங்க.

டிஸ்கி: நான் எந்தக் கம்பெனிக்கும் ஏஜென்ட் இல்லீங்கோ. திட்டறவங்க தாராளமாத் திட்டலாம், கிலோஹெர்ட்ஸைத் தூக்கிக்கிட்டு மட்டும் வராதீங்க!