யோகநெறியும் கற்றோரின் அகத்தடைகளும்

கல்லூரியொன்று விழாக் கொண்டாடும்போது அது நல்கிய கல்வியின் பயனைப் பலரும் பலபடக் கணக்கிடுதல் வழக்கம். எத்தனை வைத்தியர், எத்தனை பொறியியலாளர், எத்தனை நியாயவாதிகள் இதன் வாயிலைக் கடந்து சென்றனர் என்னும் கணக்கு விழா மலர்தோறும் இடம்பெறும். அக்கணக்குத் தவறன்று. ஆயினும், சைவ மக்கள் தம் பிள்ளைகட்கெனத் தனியே கல்விச்சாலைகள் வேண்டுமென்று முயன்றபோது, உத்தியோகத்தை மட்டுங் கருதி முயன்றாரல்லர். உத்தியோகத்துக்கு வேண்டிய ஆங்கிலக் கல்வியை நல்கும் சாலைகள் அக்காலத்திலேயே இருந்தன. கல்வியோடு சமயவொழுக்கமும், அவ்வொழுக்கத்தின் வழியே உயிர் பக்குவமுறுதலும் வேண்டுமென்பதே அவர் கருத்து. அப்பயன் எவ்வளவிற் கைகூடிற்று, கைகூடாதவிடத்துத் தடையாய் நிற்பது யாது என்பதை யோகநூலின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வினாவை நம்மவரிடம் எழுப்பினால் விடை உடனே வரும். காலம் சரியில்லை என்பர். 1995ஆம் ஆண்டு ஐப்பசி மாத முடிவில் வலிகாமம் முழுவதும் ஓரிரவிலே பெயர்ந்து சென்ற கதையைச் சொல்வர். வீடும் கோயிலும் கைவிட்டு நின்றவனுக்குத் தியானமெங்கே, பூசையெங்கே என்று கேட்பர். இன்றைய மாணவரோ காலையிலும் மாலையிலும் தனியார் வகுப்பு, இரவிலே கைத்தொலைபேசி, இடையிலே பரீட்சை அச்சம் என்று அடுக்குவர். இவையெல்லாம் மெய்யே. பட்டவர் பாட்டைச் சிறிதென்று கூறும் உரிமை எவர்க்குமில்லை.

ஆனால், பதஞ்சலி முனிவர் தம் யோகசூத்திரத்தின் முதற்பாதத்திலே சித்தத்தைக் கலக்கும் இடையூறுகளை எண்ணிக் கூறுமிடத்து, புறத்தேயுள்ள பொருளொன்றையேனும் குறித்தாரில்லை. வியாதி, மனமந்தம், ஐயம், கவனமின்மை, சோம்பல், புலனுகர்ச்சியை விடமாட்டாமை, திரிபுக்காட்சி, நிலையொன்றையும் எய்தாமை, எய்திய நிலையில் நில்லாமை என அவர் கூறிய ஒன்பதும் நம்முள்ளே இருப்பன. பகைவனும் இல்லை, அரசும் இல்லை, அயலானும் இல்லை. காடு புகுந்த துறவிக்கு மட்டும் உரிய இடையூறுகளும் அல்ல இவை. கணக்கும் இலக்கணமும் படிக்கும் மாணவனொருவன் இப்பட்டியலைப் பார்த்தால் தன்னைப் பற்றியே யாரோ எழுதிவைத்தார் என்று எண்ணுவான்.

இன்று யோகமென்றவுடன் உடலை வளைத்தலும் மூச்சையடக்கலுமே பலர் நினைவுக்கு வருகின்றன. 2015 முதல் யூன் 21ஆம் நாள் உலகெங்கும் யோக தினமாகக் கொண்டாடப்படுகின்றது, நன்று. உடற்பயிற்சியால் வரும் நலத்தை யாம் மறுக்கவில்லை. எனினும், இருநூற்றுக்குச் சிறிது குறைந்த சூத்திரங்களையுடைய அந்நூலில் ஆசனத்தைப் பற்றியன மூன்றே. எஞ்சியவற்றிற் பெரும்பாலன சித்தத்தைப் பற்றியன. மூன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை மறந்துவிட்டோம்.

ஒன்பதனுள் வியாதியை முதலில் வைத்தமை கருதற்பாலது. உடம்பு அழிந்தால் உயிர்க்குச் சாதனமில்லை என்னும் கருத்துத் திருமூலர்க்கும் உடன்பாடே. நோயுற்றவனை நோக்கி, 'உனக்குப் பத்தி போதாது' என்பது யோகநெறியன்று. அவனுக்கு வேண்டுவது மருந்து. இடையூறுகளோடு கூடவே தோன்றுவன எனத் துன்பம், மனச்சோர்வு, உடல் நடுக்கம், ஒழுங்கற்ற மூச்சு என்பவற்றையும் பதஞ்சலியார் அடுத்துக் கூறுகின்றார். போரைக் கண்ட எம் தலைமுறைக்கு இந்நான்கும் நூலிற் கற்றறிய வேண்டியன அல்ல. யாழ்ப்பாணத்திலே உளமருத்துவராயும் பல்கலைக்கழகப் பேராசிரியராயும் பணியாற்றிய தயா சோமசுந்தரம் அவர்கள் போரால் வந்த உளக்காயங்களை ஆராய்ந்து 'மனவடு' என்னும் நூலைத் தமிழில் ஆக்கியவர். மருத்துவத்தோடு மூச்சுப்பயிற்சி, செபம், சாந்தியாசனம் ஆகிய நம் மக்கள் வழிவழியறிந்த முறைகளையும் அவர் நோயாளர்க்குப் பயன்படுத்தினார். மருத்துவமும் யோகமும் ஒன்றையொன்று விலக்குவன என்று கருதுவோர் இதனை நோக்குவாராக.

இனி, வட்டுக்கோட்டையாராகிய நமக்கே சிறப்பாக உரிய தடையொன்றுளது என்பது எம் கருத்து. இவ்வூர் கல்விக்குப் பேர்போன ஊர். 1823இலே அமெரிக்க மிசனரிமார் இங்கே நிறுவிய செமினரி 1855 வரை நடைபெற்றது. வானநூலும் கணிதமும் தருக்கமும் அக்காலத்திலேயே இங்குக் கற்பிக்கப்பட்டன. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவரும் பழந்தமிழ் நூல்களை அச்சேற்றியவருமாகிய சி. வை. தாமோதரம்பிள்ளை அங்குக் கற்றவரே. பின்னர்ச் சைவர் சாலைகளும் எழுந்தன. நூலை மதித்தலும், பட்டத்தை மதித்தலும், வாதத்திலே வெல்வதை மதித்தலும் நம் குருதியில் ஊறியன. இம்மூன்றும் நல்லனவே, எனினும் இவையுள்ள இடத்திலேதான் திரிபுக்காட்சி என்னும் ஏழாம் தடை எளிதிற் குடிபுகும்.

கயிற்றைப் பாம்பென்று காண்டல் திரிபு என நம் அளவை நூலார் உதாரணங் காட்டுவர். கற்றவனுடைய திரிபோ இதனினும் நுண்ணியது. தான் படித்ததைத் தான் அடைந்ததாகக் காண்டலே அது. ஐயமுடையவன் வினாவுவான், சோம்பலுடையவன் தன் சோம்பலை அறிவான். ஆனால், முப்பொருள் இயல்பை மேடையிலே ஒரு மணிநேரம் தட்டின்றி விரித்துரைக்க வல்லவனுக்கு, தன் ஆணவம் அணுவளவேனுந் தேய்ந்ததா என்று வினாவத் தோன்றுவதில்லை. சுவாமி விவேகானந்தருடைய 'இராஜயோகம்' 1896இலே வெளிவந்தது. அடுத்த ஆண்டு சனவரியிலே அவர் யாழ்ப்பாணத்துக்கு எழுந்தருளி இந்துக் கல்லூரியிற் சொற்பொழிவாற்றினார். அன்று தொட்டு ஆங்கிலங் கற்ற நம்மவர் பலர் பதஞ்சலியாரைப் படித்தே வந்துள்ளனர். படித்தவருள் நாடோறும் அரைமணி நேரம் அசையாது இருந்தவர் எத்தனைபேர் என்பது வேறு வினா.

இத்தடைக்கு மாற்றாகப் பெரிய தத்துவமொன்றைப் பதஞ்சலியார் கூறவில்லை. ஒன்றைப் பற்றிக்கொண்டு அதனையே பயில்க என்பது அவர் கட்டளை. பயிற்சியாவது யாது? நெடுங்காலம், இடையறாது, அன்போடு செய்யப்படுவது. இம்மூன்றனுள் நம்மவர்க்கு அரியது 'இடையறாமை'.

நம்மூரின் மார்கழி மாதத்தை நினைத்துப் பார்க்க. விடியலிலே சங்கொலி கேட்கும். திருவெம்பாவைக் காலத்திலே சிறுவரும் பனியிற் குளித்துக் கோயிலுக்குச் செல்வர். திருவாதிரையன்று பொன்னாலைப் பாலங் கடந்து காரைநகர்ச் சிவன்கோயிலாகிய ஈழத்துச் சிதம்பரத்துக்குச் செல்லும் கூட்டத்தைக் காணலாம். தில்லையிலே திருநடனங் கண்டவராகப் புராணம் போற்றும் இருவருள் பதஞ்சலியாரும் ஒருவர். திருமூலரும் தம்மோடு நந்தியருள் பெற்றவருள் ஒருவராக அவரைக் குறிப்பிடுகின்றார். (அவரும் சூத்திரஞ் செய்தவரும் ஒருவரோ இருவரோ என்று ஆராய்ச்சியாளர் வாதிடுவர், வாதிடட்டும்.) அத்துணை அன்போடு பத்து நாளும் எழுந்தவன் பதினோராம் நாள் விடியலிலே எங்கேயுளன்? கந்தசட்டிக்கு ஆறு நாள் உபவாசமிருந்தவன் ஏழாம் நாள் மாலையிலே பழைய கோபத்தோடும் பழைய வம்போடும் மதகிலே வந்து அமர்கின்றான். எய்திய நிலையில் நில்லாமை என்னும் ஒன்பதாந் தடை இதுவே. விரதம் வீணென்பது எம் கருத்தன்று. விரதத்தாற் பெற்ற நிலத்தைக் காத்துக்கொள்ளும் சிறு நாட்பழக்கமொன்று இல்லாமையால் ஆண்டுதோறும் அதே படியில் ஏறி அதே படியில் இறங்குகின்றோம் என்பதே.

காத்துக்கொண்டவர் இம்மண்ணில் இல்லாமலில்லை. 1872இற் பிறந்து 1964இல் மறைந்த யோகர்சுவாமிகள், கிளிநொச்சிப் பகுதியிலே நீர்ப்பாசன வேலைத்தலத்திற் களஞ்சியக் காப்பாளராய்ச் சம்பளத்துக்குப் பணிபுரிந்தவர். நல்லூரிலே செல்லப்பா சுவாமிகளின் ஆட்பட்டபின் கொழும்புத்துறைச் சந்தியில் இலுப்பை மரத்தடியிலே ஆண்டுக்கணக்காய் இருந்தார். மரம் ஒன்று, இடம் ஒன்று, வெயிலும் மழையும் மட்டுமே மாறின. பின்னாளிலே தம்மை நாடிவந்த நியாயவாதிகளையும் அரச உத்தியோகத்தரையும் அவர் உத்தியோகத்தை விட்டு ஓடச் சொல்லவில்லை. அவரவர் தொழிலையே சிவதொண்டாகச் செய்யப் பணித்தார். 1935இலே தோன்றிய 'சிவதொண்டன்' இதழின் பெயரே இதற்குச் சான்று.

இங்கே சித்தாந்தங் கற்ற அன்பரொருவர் தடை நிகழ்த்தலாம். 'பதஞ்சலியார் சாங்கியத்தின் வழிநிற்பவர். சாங்கியத்தைச் சித்தியார் பரபக்கம் மறுத்துரைத்தது. ஆணவமலம் திருவருளால் நீங்குவதன்றிச் சித்தத்தை அடக்குவதால் நீங்குவதன்று. அவர் நமக்கு எதற்கு?' என்பார் அவர். தடை தக்கதே. பதஞ்சலியாருடைய ஈசுவரனும் நம் பதியும் ஒன்றல்ல. அவர் கூறும் வீட்டுநிலையும் நாம் கூறுவதன்று. ஆயினும் சரியை, கிரியை, யோகம், ஞானம் எனப் படிவகுத்த நெறியிலே யோகம் மூன்றாம் படியாய் நிற்கின்றது. திருமந்திரத்தின் மூன்றாந் தந்திரம் எட்டுறுப்பு யோகத்தை விரிக்கின்றது. அருள் மழை போன்றது என்பர். மழைக்கு முன் வரம்பு கட்டுதலும் களை பிடுங்குதலும் கமக்காரன் கடன். முடிபு வேறாதல் பற்றி மருந்தையும் எறிதல் அறிவுடைமையன்று.

அம்மருந்துள்ளும் நமக்கு மிக வேண்டியது, சித்தம் தெளிதற்கு அவர் கூறிய நால்வகை மனப்பான்மை. இன்புற்றாரிடத்து நட்பும், துன்புற்றாரிடத்து இரக்கமும், நல்லாரிடத்து உவகையும், தீயாரிடத்து நொதுமலும் பயில்க என்றார். இரக்கம் நமக்கு ஓரளவு இயல்பாகவே வரும். சாவீடென்றால் ஊரே திரளும். பகையாளியும் பந்தலுக்குத் தடி கொண்டுவருவான். அரியது முதலாவது. அயலார் பிள்ளை மருத்துவபீடம் புகுந்தான், ஒன்றுவிட்ட தம்பி கனடாவிலிருந்து பணமனுப்பி மாடி கட்டுகின்றான் என்று கேட்ட அக்கணத்திலே நெஞ்சிலெழும் சிறு எரிவை எவரும் வெளியே சொல்வதில்லை. அவ்வெரிவோடு ஒருவன் எத்தனை மணிநேரம் கண்மூடியிருப்பினும் அது தியானமாகாது. கோயில்களின் நிருவாகம் பற்றி நம் குடாநாட்டு நீதிமன்றங்களிலே நடந்த வழக்குகளைக் கருதுக. அவ்வழக்காளிகளுட் பலர் நெற்றி நிறைந்த நீற்றினர்; திருமுறை ஓதுவோர். அவர்க்கு இல்லாதது பத்தியன்று. எதிர்க்கட்சிக்காரன் செய்யும் திருப்பணியைக் கண்டு மகிழும் பயிற்சியே இல்லை.

இளைஞர் நிலை வேறு. போதைப்பொருள் நம் ஊர்களிலே புகுந்தமையைப் பெற்றோர் அறிவர். பரீட்சையிலே தவறிய பிள்ளை தன்னை எதற்கும் உதவாதவனென்று முடிவுசெய்து மனமொடுங்கும் வீடுகளையும் காண்கின்றோம். இவர்க்கு உபதேசம் வேண்டா. அது வேண்டியதற்கு மேல் உண்டு. மனத்தில் எழுகின்ற எண்ணம் தானல்லன், எழுந்ததை எழுந்தவாறே நோக்கி விடமுடியும் என்னும் ஒரு செயலறிவு வேண்டும். தீய எண்ணம் வருத்துமிடத்து அதன் எதிர்மறையைப் பாவிக்கச் சொல்லும் முறையும் யோகநூலில் உண்டு. எவ்வகுப்புப் பாடத்திட்டத்திலும் இதற்கொரு மணிநேரமில்லை.

ஆதலின் பழைய மாணவர் சங்கத்தாரிடமும் ஆசிரியரிடமும் ஒன்று கேட்கின்றோம். விழா நினைவாக யோக மண்டபமொன்று எழுப்பலாம் என்று எவரேனும் கூறின், அப்பணத்தை நூலகத்துக்கோ வறிய மாணவர் உணவுக்கோ கொடுங்கள். காலைப் பிரார்த்தனையிலே தேவாரம் ஓதி முடிந்தபின் மணியடிக்குமுன் ஐந்து நிமிடம் எவரும் பேசாது இருக்கட்டும். பெருக்கிய விறாந்தையொன்று போதும். முதலில் அதிபரும் ஆசிரியரும் இருக்கவேண்டும். பிள்ளைகளை இருத்திவிட்டு வரவுப் பதிவேடு எழுதலாகாது. பரீட்சைக் காலத்திலும் விளையாட்டுப்போட்டிக் காலத்திலும் இதனை நிறுத்தலாகாது. ஓராண்டு நடந்தபின், நடந்ததா நின்றதா என்பதைச் சங்கத்தின் ஆண்டறிக்கையிலே ஒருவரி எழுதினாற் போதும்.