இரு வாசல்களுக்கும் பூட்டு

வணிகம் செய்வோர் இரவிலே கடையைச் சாத்தும்போது, பூட்டைப் பூட்டிவிட்டு ஒருமுறை இழுத்துப் பார்ப்பது வழக்கம். அன்றிரவின் நித்திரை அந்த ஓர் இழுவையிலே தங்கியிருக்கின்றது. இந்நாளிலோ கடைக்கு வாசல்கள் இரண்டு. ஒன்று தெருவைப் பார்த்தது. மற்றது மேசைமீது கிடக்கும் கைத்தொலைபேசிக்குள் இருப்பது. இந்த இரண்டாம் வாசலை இழுத்துப் பார்ப்போர் நம்மில் எத்தனை பேர்?

சென்ற மாதம் கிளிநொச்சிக்குப் போயிருந்தவிடத்து, உருத்திரபுரத்திலே நமக்கு நெடுநாட் பழக்கமான ஓர் அம்மையாரைக் கண்டோம். சந்தியண்டையிலே பலசரக்குக் கடை நடத்துபவர். போரின் இறுதிக் காலத்தில் இடம்பெயர்ந்தபோது கடையையும் கடன் கொப்பியையும் ஒருங்கே இழந்தவர். மீளக் குடியேறியபின் ஒரு தகரக் கொட்டிலும் ஒரு தராசுமாகத் தொடங்கி, கல்வீட்டுக் கடையளவுக்கு உயர்ந்தவர். அவர் முகம் அன்று வாடியிருந்தது.

"கதவுக்கு மூன்று ஆமைப்பூட்டுப் போட்டேன், ஐயா. கமராவும் பூட்டினேன். பிறகும் கள்ளன் எந்த வழியால் வந்தான்?" என்று கேட்டார்.

கள்ளன் தொலைபேசி வழியாக வந்தான். வங்கியிலிருந்து பேசுவதாகக் கூறிய ஓர் இனிய குரல், "உங்கள் கணக்கு முடங்கப் போகின்றது, இப்போது வரும் ஆறு இலக்கத்தைச் சொல்லுங்கள், அம்மா" என்றதாம். அவரும் சொன்னார். மொத்த வியாபாரிக்குக் கொடுக்கவென வைத்திருந்த பணம் சில நிமிடங்களில் மறைந்தது. அம்மையார் அறிவிற் குறைந்தவரல்லர். அந்த ஆறு இலக்கம் இன்னதென்று அவருக்கு விளங்கும் சொல்லில் ஒருவரும் சொல்லவில்லை, அவ்வளவே. அன்று அவருக்குச் சொன்னவற்றையே இன்று நேயர்களுக்கும் சொல்ல விழைகின்றோம்.

முதலிற் கட்டடத்தை எடுத்துக்கொள்வோம். இரணைமடுத் தண்ணீரிலே நெல் விளைவிக்கும் கமக்காரர் பன்றிக்கும் கட்டாக்காலி மாட்டுக்கும் என்ன செய்கின்றனர்? வேலி அடைக்கின்றனர், படலைக்குக் கொளுக்கி இடுகின்றனர், தகரங் கட்டி ஒலியெழுப்புகின்றனர், காவற்கொட்டிலிலே கண்விழிக்கின்றனர். கட்டடப் பாதுகாப்பு நூலோர் கூறுவனவும் இவையே. வேலியும் மதிலும் 'சுற்றெல்லைப் பாதுகாப்பு'. எவரிடம் எந்தத் திறப்பு உண்டென்று கணக்கு வைத்திருத்தல் 'நுழைவுக் கட்டுப்பாடு'. தகர ஒலி 'அபாயமணி'. கொட்டிலிலிருந்து எழுந்து ஓடிவரும் மனிதரே 'எதிர்ச்செயல்'. ஓடிவர ஆளில்லாதவிடத்து மணி எவ்வளவு உரக்க ஒலித்தாலும் பயனில்லை.

கமராவைப் பற்றி ஒரு வார்த்தை. அது கள்ளனைப் பிடிப்பதில்லை. பார்க்க மட்டும் செய்கின்றது. வெளிச்சம் இல்லையேல் அதுவுமில்லை. மின்சாரம் நின்றால் கமராவும் நின்றுவிடும். ஆதலின் ஒரு மின்கலம் வேண்டும். காட்சியைப் பதியும் பெட்டியைப் பணப்பெட்டிக்கு அருகில் வைத்தால், கள்ளன் இரண்டையும் சேர்த்தே கொண்டு போவான். இன்னுமொன்று: கள்ளனுக்கு அஞ்சிப் பின்கதவை வெளியே ஆமைப்பூட்டால் இறுக்கிவிட்டு ஆட்களை உள்ளே உறங்க விடுவது பெரும் பிழை. தீப்பிடித்தால் அந்தப் பூட்டே எமனாகும். அவசர வழி உள்ளிருந்து திறப்பின்றித் திறக்கக் கூடியதாய் இருத்தல் வேண்டும்.

இனி இரண்டாம் வாசல். கடவுச்சொல் என்பது திறப்பு. கடைக்கும் வீட்டுக்கும் பெட்டகத்துக்கும் ஒரே திறப்பை வைத்துக்கொள்வோர் உண்டோ? மின்னஞ்சலுக்கும் வங்கிக்கும் முகநூலுக்கும் ஒரே சொல்லை வைப்பது அத்தகையதே. வேலையை விட்டுப் போன பையனிடம் திறப்பை வாங்கி வைக்கின்றோம். அவன் அறிந்த கடவுச்சொல்லை மாற்றுகின்றோமா? வேலி பயிரை மேய்வதும் உலகத்தில் உண்டு.

ஓ.டி.பி. எனப்படும் அந்த ஆறு இலக்கம், இரண்டாம் பூட்டுக்கு ஒரேயொரு முறை செல்லும் திறப்பு. வங்கி அதனை நமக்கு அனுப்புமேயன்றி, நம்மிடம் திரும்பக் கேட்பதில்லை. கேட்கும் குரல் எவ்வளவு இனிமையாயினும் அது கள்ளன் குரலே. இவ்வாறு ஆசை காட்டியோ அச்சங் காட்டியோ இரகசியத்தைக் கறப்பதற்கு 'பிஷிங்' என்று பெயர். தூண்டில் என்று நாம் சொல்லலாம். இரை மாறும், முள் மாறாது.

'தீச்சுவர்' என்றொரு சொல்லும் உண்டு. பெயரைக் கேட்டு மயங்க வேண்டா. அது குளத்துத் துருசு போன்றது. வேண்டிய நீரை வாய்க்காலுக்கு விட்டு, வேண்டாததை மறித்து நிற்பது. 'இற்றைப்படுத்தல்' என்பது உக்கிய பலகையை மாற்றுவது. தொலைபேசி அதனைக் கேட்கும்போதெல்லாம் "பிறகு" என்று தள்ளுவோர், ஓட்டையை அறிந்தும் அடைக்காதவராவர்.

யாவற்றினும் கொடியது 'கப்ப மென்பொருள்'. அது நம் கணக்குகளையெல்லாம் பூட்டிவிட்டுத் திறப்புக்குப் பணங் கேட்கும். 2023 ஆகஸ்டில் இலங்கை அரசின் மின்னஞ்சல் தொகுதியே இவ்வாறு பூட்டப்பட்டது. மென்பொருள் பழையதாய் இருந்தது. மறுபிரதியும் அதே வலையிற் சிக்கியது. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மடல்கள் அழிந்தன. மறுபிரதி என்பது வேறிடத்தில் இருந்தாலன்றோ மறுபிரதி? இதனை வன்னி மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை. உறுதியும் பிறப்புச் சான்றும் ஒரே பையில் இருந்து, அந்தப் பையும் போனபோது பட்ட பாட்டை அவர்கள் அறிவர். கடன் கணக்கைத் தொலைபேசியில் எழுதுவோர், கிழமைக்கு ஒருமுறையேனும் அதன் பிரதியொன்றைக் கடைக்கு வெளியே வைத்துக்கொள்க.

இரு வாசல்களும் தனித்தனியானவை என்றும் எண்ணிவிடல் ஆகாது. 2013 இல் அமெரிக்காவின் 'டார்கெட்' என்னும் பெருங்கடை நிறுவனத்தில் ஏறத்தாழ 4 கோடி வாடிக்கையாளரின் வங்கி அட்டை விபரங்கள் களவு போயின. கள்ளர் நுழைந்தது, குளிரூட்டும் வேலை செய்த ஒப்பந்தக்காரருக்குக் கொடுத்திருந்த கடவுச்சொல்லைக் கொண்டு. நம் கடைக்குக் கமரா பூட்டியவர் இட்ட கடவுச்சொல் இன்னும் மாறாதிருப்பின், நம் கடையை நாம் மட்டுமே பார்க்கின்றோம் என்று கூற முடியாது.

கருவிகள் மட்டும் போதுமோ எனின், போதா. 2016 பெப்ரவரியில் வங்காளதேச மத்திய வங்கியின் பணத்தைக் கள்ளர் கணினி வழியே கவர்ந்தபோது, 2 கோடி டொலர் இலங்கையிலுள்ள ஓர் அமைப்பின் பெயருக்கு அனுப்பப்பட்டது. 'பவுண்டேஷன்' என்னும் சொல்லின் எழுத்துப் பிழைத்திருந்தது. இடையிலிருந்த வங்கியினர் அதனைக் கண்டு, "இது சரிதானா?" என்று வினவினர். அந்தப் பணம் தப்பியது. பிலிப்பைன்சுக்குச் சென்ற 8 கோடியே 10 இலட்சம் டொலருக்கு அத்தகைய கேள்வி உரிய வேளையில் எழவில்லை.

ஏமாந்துவிட்டால் நாணி ஒளித்தல் வேண்டா. உடனே வங்கியை அழைத்துக் கணக்கை நிறுத்துக; வந்த செய்திகளை அழியாது வைத்துப் பொலிசில் முறையிடுக. 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் இதற்கெனவே உள்ளது. 2006 இல் நிறுவப்பெற்ற 'ஸ்ரீலங்கா சேர்ட்' என்னும் அமைப்பும் வழிகாட்டும். நம் அம்மையார், ஊரார் நகைப்பரென்று இரண்டு நாள் வாய் திறவாதிருந்தார்; அந்த இரண்டு நாளே கள்ளனுக்கு வாய்த்த நல்ல காலம்.

நாம் விடைபெறும்போது, அவர் மகள் கடன் கணக்கைப் புதிய கொப்பியொன்றிற் பெயர்த்தெழுதிக் கொண்டிருந்தாள். தாயார் தொலைபேசியை நம்மிடம் நீட்டி, "இந்தப் பூட்டை எப்படி இழுத்துப் பார்ப்பது, ஐயா?" என்றார். நேயர்களும் இன்று மாலை தம் வீட்டிலே இக்கேள்வியைக் கேட்பாராக.