பாறையில் போட்ட விரிசலும் தூர்ந்து போகும்!



"ஒரே ஒரு கிணறுதான், குத்தகைப் பணம் வருதுல்ல" என்று பேச வருகிறவர்கள் ஒரு விஷயத்தை மட்டும் சொல்வதில்லை. அதை நாம் பேசுவோம்.

நீரியல் விரிசல் முறையில், பல ஆயிரம் அடி ஆழத்துப் பாறைக்குள் தண்ணீர், மணல், ரசாயனம் கலந்து பேரழுத்தத்தில் செலுத்தி உடைக்கிறார்கள். அந்த வெடிப்பு வழியாகத்தான் எரிவாயு வரும். பம்பை நிறுத்தியதும் வெடிப்பு மூடிக்கொள்ளுமே? மூடாமல் முட்டுக் கொடுக்கத்தான் மணல்.

முட்டு எத்தனை நாளைக்கு நிற்கும்? பாறை நெரிக்கிற நெரியில் மணல் நொறுங்குகிறது. களிப்பாறையாக இருந்தால் அதற்குள்ளேயே புதைகிறது. மணலைச் சுமந்துபோகக் கொத்தவரை விதைப் பசை கலக்கிறார்கள். அதன் கசடு இடுக்குகளை அடைக்கிறது. பாறைத் துகளும் உப்பும் படிகின்றன. தூர் வாராத வாய்க்கால் என்ன ஆகும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வாய்க்காலையாவது மண்வெட்டி போட்டு வாரலாம். பாறை இடுக்கை யார் வாருவது?

விரிசல் தூர்வதும் வாயுவின் அழுத்தம் இறங்குவதும் சேர்ந்து, ஷேல் கிணறுகளின் உற்பத்தி முதல் மூன்று வருஷத்திலேயே பெருமளவு விழுந்துவிடுகிறது. அப்புறம்? அதே கிணற்றை மறுபடி உடைக்கணும், இல்லாட்டி பக்கத்து வயலில் புதுசு போடணும். அமெரிக்காவின் டெக்சாஸில் பார்னெட் என்ற ஒரே பாறைப் படிவத்தில் 15,000க்கும் மேற்பட்ட கிணறுகள் போட்டார்கள். அந்நாட்டில் ஒரு கிணற்றை உடைக்கச் சுமார் 57 லட்சம் முதல் 6 கோடி லிட்டர் வரை தண்ணீர் ஆகிறது. குறுவைக்கே தண்ணீர் கேட்டுப் போராடுகிற டெல்டாவில் அதற்கு எங்கே போவது?

2017இல் நெடுவாசல் மக்கள் போராடினார்கள். 2020இல் தமிழ்நாடு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டம் வந்தது. டெல்டாவில் புதிதாக எண்ணெய், எரிவாயு, ஷேல் வாயு எடுக்கத் தடை. வரவேற்கிறோம். ஆனால் சட்டத்துக்கு முன்பே நடந்துவந்த வேலைகளை அது தொடவில்லை. மத்திய அரசோ 2018இலேயே, பழைய உரிமப் பகுதிகளில் ஷேல் வாயு போன்றவற்றையும் எடுக்கலாம் என்று கொள்கை வகுத்துவிட்டது. வேலியில் விட்ட சந்து இதுதான்.

ஆகவே நாம் கேட்பது:

* பழைய உரிமப் பகுதியானாலும் டெல்டாவில் பாறையை உடைக்கத் தடை போடு!
* சட்டத்திலுள்ள விதிவிலக்கை நீக்கு!

அடுத்த கிராமசபையில் தீர்மானம் போடுவோம். காகிதத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். "ஒரே கிணறுதான்" என்பவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: விரிசல் தூர்ந்து போனால், அடுத்தது யார் வயல்?

உழவர் ஒற்றுமை ஓங்குக!